ராகம் பிடிபடுகிறது, பேச்சு ஏன் பிடிபடவில்லை?

“அப்பாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை, ஆலாபனை தொடங்கியதுமே ராகத்தைச் சொல்லிவிடுவார், நாங்கள் கூப்பிட்டால் மட்டும் வேண்டுமென்றே காதில் வாங்க மாட்டார்” என்று ஒரு மகள் அண்மையில் என் அறையில், அவரை வைத்துக்கொண்டே குறைப்பட்டுக்கொண்டார். செவித்திறன் பரிசோதகரான எனக்கு இது பழகிப்போன புகார்தான். ஆனாலும் பெரியவர் பதில் பேசாமல் தலை குனிந்ததைக் கண்டபின் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

ராகம் தெரிவதால் காது நலமாக இருக்கிறது என்று தயவுசெய்து முடிவு கட்டாதீர்கள். ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு; எண் கூடக் கூட ஒலி மேலேறும். ஒரு கட்டைச் சுருதியில் (‘கட்டை’ என்பது பாடகர் தம் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் சுருதியின் அளவு) பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை ‘ஸ’, ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவருடைய மேல் பஞ்சமம், அதாவது மேல் ஸ்தாயியின் ‘ப’, 392தான். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் மேல் பஞ்சமம்கூட 600 ஹெர்ட்ஸை எட்டுவதில்லை. ராகத்தை அடையாளம் காண இந்தக் கீழ்ப்பகுதி கேட்டாலே போதும். பேச்சிலும் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் மெய்யொலிகளோ, குறிப்பாகச் சகரமும் ஸகரமும், 4000 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலும் தொடுகின்றன. முதுமையில் முதலில் மங்குவது அந்த மேல்பகுதிதான்.

அந்தப் பெரியவருக்கு 500 ஹெர்ட்ஸ் ஒலி 20 டெசிபெலிலேயே (டெசிபெல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு), அதாவது மெல்லிதாக ஒலித்தபோதே, கேட்டது. 4000 ஹெர்ட்ஸுக்கு 65 டெசிபெல் வரை ஏற்ற வேண்டியிருந்தது. நான் வாயை மறைத்துக்கொண்டு ‘சட்டை’ என்றேன். அவர் ‘கட்டை’ என்றார். ‘தட்டை’ என்றதற்கும் அதே விடைதான். குரல் அவரை எட்டுகிறது, சொல் எட்டவில்லை. இதை அலட்சியம் என்றும் பிடிவாதம் என்றும் பெயரிட்டு வீட்டில் நாள்தோறும் சண்டையிடுவது பெரும் அநியாயம்.

கத்துவதாலும் பயனில்லை, கத்தும்போது உயிரொலிதான் பருக்கிறது, மெய்யொலி அந்த அளவுக்கு ஏறுவதில்லை. அதனால்தான் “கேட்கவில்லை” என்றவரே மறுகணம் “ஏன் கத்துகிறாய்?” என்கிறார், இரண்டும் உண்மை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். அடுக்களையிலிருந்து குரல் கொடுக்காதீர்கள்.

காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். பழுது உட்செவியில் இருக்கிறது, எண்ணெய் அங்கே போகாது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவுக் கருவியை வாங்கி மாட்டிவிட்டு, “மெஷினும் ஒத்துக்கொள்ளவில்லை” என்று அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பரிசோதனை வரைபடத்தைப் பார்த்து, எந்த அலைவரிசையில் எவ்வளவு குறையோ அங்கே அதற்கேற்ற அளவு மட்டும் கூட்டி அமைப்பதே சரியான கருவி; அதற்குப் பழகவும் சில வாரங்கள் பிடிக்கும், அதுவரை பொறுத்திருங்கள்.

மெல்ல மெல்லக் குறையும் கேள்திறனைப் பற்றித்தான் இவ்வளவும் சொன்னேன். ஒரு காது திடீரென அடைத்துக் கேட்காமல் போனால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். நாள் கடந்து தொடங்கும் சிகிச்சை பல நேரங்களில் பலிப்பதில்லை.