"சார், ஒரு மாப் குறையுது"

குடலில் ஓட்டை விழுந்து வந்த நோயாளிக்கு நள்ளிரவில் அறுவை சிகிச்சை முடித்து வயிற்றை மூடத் தொடங்கியிருந்தேன். பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த செவிலியர், "சார், ஒரு மாப் குறையுது" என்றார். அறுவையின்போது இரத்தத்தை ஒற்றியெடுக்க வயிற்றுக்குள் வைக்கும் துணியைத்தான் மாப் என்போம். சரியாக எண்ணிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தேன் என்பதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன். அவர் மறுபடி எண்ணினார். குரல் இன்னும் தாழ்ந்தது, எண்ணிக்கை மட்டும் மாறவில்லை: பத்துக்கு ஒன்பது. தையலைப் பிரித்துத் தேடியபோது, கல்லீரலுக்கு மேலே, இரத்தத்தில் ஊறிச் சதையின் நிறமாகவே மாறிப்போயிருந்த அந்தத் துணி விரலில் தட்டுப்பட்டது.

உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள 19 அம்சங்களில் இந்த எண்ணிக்கையும் ஒன்று. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்கும் முன், நோயாளி அரங்கைவிட்டுப் போகும் முன் என மூன்று முறை நின்று, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். புதுடில்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நோயாளி மேசைக்கு வருமுன்பே எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்து முடித்த தாள்களை நானே பார்த்திருக்கிறேன் (கையெழுத்து மட்டும் குறைவில்லாமல் இருக்கும்).

பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 பேரின் சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்ததாகக் கணக்கெடுத்து, அதை அச்சிட்டும் வெளியிட்டார். நாமோ, எங்கள் துறைக் கூட்டத்தில் அந்த மாப் பற்றி நான் சொன்னபோது, "யார் அந்த சிஸ்டர்?" என்றுதான் முதலில் கேட்டோம், தையலை ஏன் நிறுத்தவில்லை என்று என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் அரங்கில் மாப் கணக்கைச் சுவர்ப்பலகையில் பெரிதாக எழுதுகிறோம். மூடுவதற்கு நூல் கேட்டால், "கவுன்ட் முடியட்டும் சார்" என்று சொல்லி, செவிலியர் ஊசியைத் தம் கையிலேயே வைத்துக்கொள்கிறார்.