ஆற்றில் ஊறும் சூப்: மீசை மீன்கள் இறைச்சி இரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்னையில் அடையாற்றங்கரையிலும் புறநகர் ஏரிகளிலும் கெளுத்திக்குத் தூண்டில் போடுகிறவர்கள் இறைச்சிக்கடையில் வாங்கிவரும் கோழி ஈரலையும் குடலையும் பெரும்பாலும் கழுவுவதில்லை. மணப்பாக்கம் பக்கம் ஒருமுறை, ரத்தம் வடிந்துகொண்டிருந்த ஈரல் துண்டை நான் தண்ணீரில் அலசப் போனபோது, அருகில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “அலசாத தம்பி, மீனுக்கு வேண்டியதே அந்தத் தண்ணியிலதான் இருக்கு” என்று தடுத்தார். மீன்களின் சுவைப்புலனைப் பற்றி ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்துக் கண்டறிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

இறைச்சியை இரையாக வைத்து மீசை மீன் பிடிக்கும் கலையை மிகவும் நுணுக்கமாக வளர்த்தவர்கள் இங்கிலாந்துத் தூண்டில்காரர்கள். அங்கே ஓடும் ஆறுகளின் சரளைக்கல் தரையை ஒட்டி வாழும் பார்பெல் என்ற மீன், நம் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேலுதட்டருகே இரண்டு இணையாக நான்கு மீசைகள் உண்டு. ‘தாடி’ எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்தே அதன் பெயரும் வந்தது. காவிரியின் மகசீருக்கும் இதே போல நான்கு மீசைகள்தான். டின்னில் அடைத்து விற்கப்படும் பன்றி இறைச்சியைச் சிறு சதுரங்களாக்கி முள்ளில் கோத்துப் பார்பெல் பிடிப்பது அந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக நிலைத்த பழக்கம். ஆற்றில் ஒருபோதும் வாழாத பன்றியின் இறைச்சியை ஆற்று மீன் எப்படி உணவென்று அறிகிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு துண்டு கோழி ஈரலை மெதுவாக விட்டுப் பாருங்கள். துண்டு அடியில் போய் அமர்ந்ததும், அதன் விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பு இழைகள் பிரிந்து, புகை போல நெளிந்து, டம்ளரின் அடியிலேயே படரும். கண்ணுக்குத் தெரிவது ரத்தத்தின் நிறம் மட்டுமே. அதனோடு சேர்ந்து நிறமில்லாத உப்புகளும், புரதத்தின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களும், தசையின் ஆற்றல் மூலக்கூறு சிதைவதால் உண்டாகும் ஐனோசினேட் போன்ற சேர்மங்களும் கரைந்து வெளியேறுகின்றன. ஆட்டுக்கால் சூப் வைக்கும்போது எலும்பிலிருந்தும் தசையிலிருந்தும் தண்ணீருக்கு இறங்கி நம் நாக்கை மயக்குபவையும் ஏறத்தாழ இவையே. தூண்டில்காரர் செய்வது, நெருப்பில்லாமல் ஆற்றுக்குள் சூப் வைக்கும் வேலை என்று சொன்னால் அது மிகையாகாது.

இதில் கொழுப்புக்குப் பங்கு குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நம் மூக்குக்கு எட்டும் கவிச்சி வாடை காற்றில் பறக்கும் பொருள்களால் ஆனது. மீனுக்கு எட்டுவது தண்ணீரில் கரையும் பொருள். கொழுப்போ தண்ணீரில் கரைவதில்லை. குளிர்ந்த ஆற்றில் அது உறைந்து, உள்ளிருக்கும் சாற்றையும் வெளியே விடாமல் அடைத்துக்கொள்ளும். ஆகவே, நமக்குக் கமகமவென்று இருக்கும் கொழுப்புத் துண்டு மீனுக்கு ஊமைத் துண்டாக இருக்கக்கூடும்.

கரைந்த பொருள் மீனைச் சென்றடைவதற்குத் தண்ணீர் ஓட வேண்டும். நீரோட்டமே இல்லாத இடத்தில், ஓர் அமினோ அமில மூலக்கூறு தானாகப் பரவி ஒரு சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்கச் சராசரியாக அரை நாளுக்கும் மேல் ஆகும். ஆற்றோட்டமோ அதை ஒரு வால் போல நீட்டிக் கீழ்நோக்கி இழுத்துச் செல்கிறது. அந்த வால் சீரான நூல் அல்ல. சுழிகளால் கிழிபட்டு, இங்கொரு திட்டும் அங்கொரு திட்டுமாக மிதந்து செல்லும். வாசனைத் திட்டு பட்டவுடன் மீன் நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிறது. அதனால்தான் மீன் இருக்கும் இடத்துக்கு மேலே, ஓட்டம் வரும் பக்கமாக இரையைப் போடுகிறார்கள்.

இரையைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துப் போடும் பழக்கத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பரப்பு 24 சதுர சென்டிமீட்டர். அதையே அரை சென்டிமீட்டர் பக்கமுள்ள 64 துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 96. இறைச்சியின் அளவு மாறவில்லை, சாறு வெளியேறும் வாசல் மட்டும் நான்கு மடங்காகிவிட்டது. பிய்த்த துண்டின் கரடுமுரடான முகமும் இதே வேலையைச் செய்கிறது.

இனி, கரைந்து வரும் சாற்றை உணரும் மீனின் பக்கம். மீனின் மூக்கு சுவாசத்துக்கானது அல்ல. ஒரு துளையில் தண்ணீர் நுழைந்து, அடுக்கடுக்கான நுகர்ச்சி மடிப்புகளைத் தொட்டு, அடுத்த துளை வழியே வெளியேறுகிறது, அவ்வளவுதான். சுவை மொட்டுகளோ வாயோடு நிற்பதில்லை. கெளுத்தி இனங்களில் அவை மீசையிலும் உதட்டிலும், உடலின் மேல்தோல் முழுவதிலும் பரவியிருக்கின்றன. சில அமெரிக்க இனங்களில் அவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டும். மனித நாக்கில் சில ஆயிரங்களே. கெளுத்தியை ‘நீந்தும் நாக்கு’ என்று நான் சொல்வதுண்டு. 1967-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், நுகர்ச்சி நரம்பு செயலிழந்த கெளுத்திகள் சுவையை மட்டுமே பின்பற்றித் தொலைவிலிருந்த இரையை அடைந்தன. அலனின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களுக்கு இவற்றின் சுவை மொட்டுகள் மிகக் குறைந்த செறிவிலேயே துடிக்கின்றன. இந்த அமிலங்கள் புழுவிலும் இறாலிலும் பன்றியிலும் ஒன்றேதான். பார்பெல் அறிவது பன்றியை அல்ல, தசையை.

மழைக்குப் பின் ஆறு கலங்கி ஓடும் நாட்களில் இறைச்சி இரை நன்றாக வேலை செய்வதும் இதனால்தான். கண்ணுக்கு வேலை குறைந்த நேரத்தில் மீசை முழுப் பொறுப்பையும் ஏற்கிறது.

‘அழுகினால்தான் இழுக்கும்’ என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. அழுகும்போது நுண்ணுயிரிகள் அமினோ அமிலங்களைச் சிதைத்துக் கடாவெரின் போன்ற அமீன்களாக மாற்றுகின்றன. அதாவது, மீனை அழைத்த பொருளே குறைந்துபோகிறது. கெண்டையின் உறவினமான வரிக்குதிரை மீன் கடாவெரினை உணரத் தனி ஏற்பியையே (அந்தப் பொருளைப் பிடித்து அடையாளம் காணும் புரதம்) வைத்திருப்பதும், அந்த வாடையை விட்டு விலகிப்போவதும் 2013-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. கழிவுநீரிலும் கொழுக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பார்த்துவிட்டு எல்லா மீனையும் அப்படியே எடைபோடுவது தவறு.

இரையை வாய்க்குள் எடுப்பதோடு கதை முடிவதில்லை. பார்பெலின் தாடையில் பல் கிடையாது, தொண்டையில்தான் உண்டு. அதன் உறவினமான கார்ப் மீனின் மேலண்ணத்தில், சுவை மொட்டுகள் நிறைந்த தசைத்திண்டு ஒன்று சரளையோடு வந்த உணவைப் பிரித்தெடுத்து, மற்றதைத் துப்பிவிடுகிறது. முள் உறுத்தினால் இரையும் வெளியே வந்துவிடும். இதற்கு மாற்றாகத்தான், இறைச்சியை முள்ளில் குத்தாமல் அருகே ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடும் முறை வந்தது.

மணப்பாக்கத்துப் பெரியவரிடம் அந்த இழையெல்லாம் இல்லை. தங்கூசியை அவ்வப்போது சுற்றியெடுத்து, வெளுத்துப்போன ஈரலை முள்ளிலிருந்து கழற்றி எறிந்துவிட்டு, பையிலிருந்து ரத்தம் சொட்டும் புதுத் துண்டை எடுத்துக் கோத்தார். எறிந்த துண்டில் ஒரு குறையும் தெரியவில்லை. சூப் வைத்த பிறகு சட்டியில் மிஞ்சும் சக்கை போல வெளிறியிருந்தது, அவ்வளவுதான்.