மிதக்கும் வெண்ணெய் காட்டும் எடை

டிசம்பர் பிறந்தால் பெரம்பூரிலும் ராயபுரத்திலும் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக் வேலை தொடங்கிவிடும். கையில் இருப்பது அமெரிக்கச் செய்முறை என்றால் அதில் ‘ஒரு கப் வெண்ணெய்’ என்றோ ‘இரண்டு ஸ்டிக்’ என்றோ இருக்கும். தெருமுனைக் கடையில் கிடைப்பதோ 100 கிராம், 500 கிராம் கட்டி. இந்தக் கணக்கில் வெண்ணெய் கூடிப்போனால் கேக் நடுவில் அமுங்கி, அடியில் நெய் கசியும். குறைந்துபோனால் வறண்டு உதிரும்.

அமெரிக்க கப் சுமார் 237 மில்லி. காற்றில்லாமல் அழுத்தி நிரப்பினால் அதில் 227 கிராம் வெண்ணெய் பிடிக்கும். ஒரு ஸ்டிக் என்பது அதில் பாதி, 113 கிராம். 15 மில்லி மேசைக்கரண்டியில் 14 கிராம். ஆகவே அரை கப்புக்கு 100 கிராம் கட்டி ஒன்றும் ஒரு மேசைக்கரண்டியும் போதும். ஒரு கப்புக்கு இரண்டு கட்டியோடு மூன்றாவதில் கால்வாசி. மிஞ்சும் ஒன்றிரண்டு கிராம் கேக்கைக் கெடுக்காது. ஆனால் நம் கடைகளில் விற்கும் அளவு கப்பைத் திருப்பிப் பாருங்கள்: சில 240 மில்லி, சில 250. 250 மில்லி கப்பை நிரப்பினால் சுமார் 240 கிராம் போய்விடும்.

237 மில்லிக்கு 237 கிராம் ஏன் வரவில்லை? தண்ணீர்தான் மில்லிக்கு ஒரு கிராம். வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு. கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. அதனால் ஒரு மில்லி வெண்ணெய் 0.96 கிராம் அளவில் நிற்கிறது. உருகினால் கொழுப்பு விரிந்து இன்னும் குறையும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத மதியத்தில் வண்ணாரப்பேட்டைச் சமையலறை ஒன்றில் அந்தச் சூடு சாதாரணம். கப்பில் அளப்பதாக இருந்தால், கட்டியாக அளப்பதா, உருக்கி அளப்பதா என்று செய்முறையைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு நிரப்பினாலோ இடுக்கெல்லாம் காற்று. கால் பங்கு வரைகூடக் குறையலாம்.

தராசு இல்லாத வீட்டுக்கு அருமையான வழி ஒன்று உண்டு. மில்லி கோடு போட்ட உயரமான ஜாடியில் 300 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் இருந்த வெண்ணெயைத் துண்டுகளாக்கி அதில் போடுங்கள். மிதக்கும். தண்ணீர் 413 கோட்டுக்கு ஏறினால் உள்ளே இருப்பது 113 கிராம். பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை ஒதுக்கும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான் இது. ஒதுங்கிய தண்ணீர் 113 மில்லி என்றால் அதன் எடை 113 கிராம். வெண்ணெயின் எடையும் அதுவே. விரலால் அமுக்கி முழுக்க மூழ்கடித்தால் கோடு சற்று மேலேறி சுமார் 418ஐக் காட்டும். அது எடையல்ல, கன அளவு. துண்டு அடியைத் தொடக் கூடாது, ஜாடிச் சுவரில் ஒட்டக் கூடாது. கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படியுங்கள். அளந்ததும் எடுத்துத் துணியில் ஒற்றிவிடுங்கள்.

வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்ப்பவர்கள் எடைக்கு எடை மாற்றக் கூடாது. நெய் ஏறக்குறைய முழுக்கவே கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய், அதோடு மூன்று டீஸ்பூன் பால்.

வெண்ணெய் முறுக்குக்கும் இந்தக் கவனம் தேவை. ஒரு கிலோ மாவுக்கு 100 கிராம் வெண்ணெய் சரியாக இருக்கும். அதிகமானால் எண்ணெயில் போட்டதும் முறுக்கு உதிர்ந்து கரையும். வீட்டில் கடைந்த வெள்ளை வெண்ணெயில் மோரும் தண்ணீரும் பொதிந்திருக்கும், அவையும் எடையில் சேர்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, தட்டில் வைத்துத் தட்டைக் கரண்டியால் அழுத்தி, தண்ணீர் கசிவது நின்ற பிறகு நிறுங்கள்.