ஒரு பாட்டு பிடிக்க எத்தனை தடவை கேட்க வேண்டும்?

2015இல் ஸ்பாட்டிஃபை நிறுவனத்தில் இருந்த அஜய் காலியா, அந்தச் செயலியில் பாட்டுக் கேட்கும் அமெரிக்கர்களின் வயதையும் அவர்கள் கேட்கும் பாட்டுகளையும் பொருத்திப் பார்த்தார். பதின்ம வயதுக்காரர்கள் பெரும்பாலும் அப்போது ஊரே கேட்கிற பாட்டைத்தான் கேட்டார்கள். இருபதுகளில் அந்தப் பழக்கம் வருடாவருடம் குறைந்தது. 33 வயதை ஒட்டி அது ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றது. பிள்ளை பெற்றவர்கள் இன்னும் சீக்கிரம் விலகினார்கள். குழந்தைப் பாட்டுகள் அடிக்கடி ஓடும் கணக்குகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால், நடப்புப் பாட்டிலிருந்து விலகுவதில் அவர்களுக்கு நான்கு வயது கூடியது போல இருந்தது.

இங்கே பேச்சு இசையையே மூச்சாகக் கொண்டவர்களைப் பற்றி இல்லை. சமைக்கும்போதும் வண்டியில் போகும்போதும் காதில் விழுவதைக் கேட்கிற சாதாரண ரசிகரைப் பற்றி. "இப்போ வர்ற பாட்டு எதுவும் மனசுல நிக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னால், பாட்டின் தரம் இறங்கிவிட்டது என்பார்கள் சிலர். வயதானால் ரசனை மங்கிவிடும் என்பார்கள் வேறு சிலர். என் கணிப்பில் இந்த இரண்டையும்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு புதுப் பாட்டை அவர் மொத்தம் எத்தனை தடவை கேட்கிறார் என்ற எண்ணிக்கை அடியோடு மாறிவிட்டது.

எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பாட்டு தரும் இன்பத்தில் பெரும்பங்கு எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. இடையிசை முடியப்போகிறது, குரல் வந்து சேரப்போகிறது, பல்லவி திரும்பப்போகிறது என்று மூளை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கு பலித்தாலும் இன்பம்தான், அழகாகத் தவறினாலும் இன்பம்தான். மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தின் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர் 2011இல் இதை ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள். மயிர்க்கூச்செறிய வைக்கும் இசையைக் கேட்டவர்களின் மூளையில், உச்சக் கட்டம் வந்தபோது டோபமைன் என்ற, இன்பத்தோடு தொடர்புடைய வேதிப்பொருள் சுரந்தது. அதற்குச் சற்று முன்பு, அந்தக் கட்டத்துக்காகக் காத்திருந்த நேரத்திலும், காடேட் என்ற வேறொரு பகுதியில் சுரந்தது. தெரிந்த இசைக்குத்தான் இப்படிக் காத்திருக்க முடியும்.

அதே குழு 2013இல் இன்னொரு சோதனை செய்தது. அதுவரை கேட்டிராத இசைத் துணுக்குகளைப் போட்டு, பிடித்ததைச் சொந்தப் பணம் கொடுத்து வாங்கச் சொன்னார்கள். அதிக விலை கொடுக்க முன்வந்த துணுக்குகளின்போது, மூளையில் பரிசை உணரும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் பகுதி கூடுதலாக இயங்கியது. மூளையின் வெளி அடுக்கான புறணியில் ஒலியைக் கையாளும் பகுதியோடு அதன் தொடர்பும் வலுத்தது. இதுவரை கேட்ட இசையின் வடிவங்கள் அந்தப் பகுதியில் படிந்திருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதாவது, முதல் தடவை கேட்கும் பாட்டைக்கூட முன்பு கேட்ட பாட்டுகளை வைத்துத்தான் மூளை எடைபோடுகிறது.

வெறும் பழக்கமே விருப்பத்தைக் கூட்டும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968லேயே காட்டிவிட்டார். பொருள் தெரியாத சொற்களையும் சீன எழுத்து போன்ற குறிகளையும் அவர் காட்டினார். எதை அதிகம் பார்த்தார்களோ அதுவே நல்லதாகத் தோன்றியது. பாட்டிலும் இது நடக்கிறது, ஓர் எல்லைவரை. அந்த எல்லை தாண்டினால் சலிப்பு. எளிய மெட்டு சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் சலிக்கும். சிக்கலான மெட்டுக்கு மெல்ல மெல்லத்தான் காது பழகும்.

சரி, இதைத் தமிழ்த் திரைப்பாட்டில் வைத்துப் பார்ப்போம். 1980களில் ஒரு சிற்றூரில் 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு பாட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது? டீக்கடை ரேடியோ, டவுன் பஸ், கோயில் கொடையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், கல்யாண வீட்டு மைக் செட், பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டர். எதையும் அந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்க வழி இல்லாததால், முதலில் பிடிக்காத பாட்டையும் முப்பது நாற்பது தடவை கேட்க நேர்ந்தது. அதற்கும் முந்தைய தலைமுறைக்கு வழிகள் இன்னும் குறைவு. 1950களில் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டை ஒடுக்கியபோது, ரசிகர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் திரைப்பாட்டுக்கு இடம் கொடுத்த விவித் பாரதி என்ற வானொலிச் சேவை தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. ஓரிரு நிலையங்கள், ஊர் முழுக்க ஒரே பாட்டு, திரும்பத் திரும்ப. ஒரு தலைமுறையே ஒரே பாட்டுகளை மனப்பாடம் செய்ததற்கு இதுவும் காரணம்.

அதே பிள்ளை வளர்ந்த பிறகு இன்று எப்படிக் கேட்கிறது? காதில் சொந்த இயர்போன், அதில் தான் சேர்த்து வைத்த பாட்டுகள். புதுப் பாட்டு ஒன்று குறுக்கே வந்தால் முதல் சரணம் வருவதற்குள் தள்ளிவிடலாம். பிடிப்பதற்கு வேண்டிய ஐந்தாவது, பத்தாவது தடவை வருவதே இல்லை. செயலியும் பழைய விருப்பத்தைப் பார்த்து அதே மாதிரிப் பாட்டையே முன்னால் வைக்கிறது. நாற்பது தடவை கேட்ட பழைய பாட்டோடு அரைத் தடவை கேட்ட புதுப் பாட்டை ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்கிறோம்.

இளமையில் கேட்டது ஏன் அவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு நினைவின் பங்கையும் சேர்க்க வேண்டும். வயதானவர்களிடம் வாழ்க்கையை நினைவுகூரச் சொன்னால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுவரை நடந்தவை மற்ற காலத்தைவிட அதிகமாக வருகின்றன. முதல் நட்பு, முதல் காதல், முதல் வேலை, வீட்டைவிட்டுப் புறப்பட்டது எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, அவற்றோடு அப்போது ஓடிய பாட்டும். கலிஃபோர்னியாவின் பீட்டர் ஜனாட்டா 2009இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த நினைவைக் கிளப்பும் பாட்டு ஒலித்தபோது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி அந்தப் பாட்டின் நகர்வைப் பின்தொடர்ந்து இயங்கியது.

எந்த வயது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. மோரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் 1989இல் 108 பேருக்கு 28 பாட்டுகளைப் போட்டு மதிப்பெண் கேட்டார்கள். தங்களுக்கு 23, 24 வயதானபோது வந்த பாட்டுகளே உச்சத்தில் நின்றன. 2018இல் சேத் ஸ்டீஃபன்ஸ் டேவிடோவிட்ஸ் ஸ்பாட்டிஃபை தரவை அலசியபோது, அந்த வயது ஆண்களுக்கு 13 முதல் 16, பெண்களுக்கு 11 முதல் 14 என்று இறங்கியது. உதாரணமாக, ரேடியோஹெட் என்ற ராக் இசைக்குழுவின் 'கிரீப்' 1993இல் பரவிய பாட்டு. 2018இல் 38 வயதான ஆண்களிடம் அதற்கு 164ஆவது இடம். அவர்களைவிடப் பத்து வயது மூத்தவர்களிடமும் இளையவர்களிடமும் முதல் 300இல்கூட அது இல்லை. மதிப்பெண் போடச் சொல்வதும், தானாக எதைப் போட்டுக் கேட்கிறார்கள் என்று எண்ணுவதும் வேறு வேறு அளவுகோல்கள். இரண்டாவதை நான் அதிகம் நம்புகிறேன்.

என் கருத்துக்கு மிகவும் வலு சேர்ப்பது கேரல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக் 2013இல் வெளியிட்ட ஆய்வு. இருபது வயதை ஒட்டிய 62 பேருக்கு 1955 முதல் 2009 வரை அமெரிக்காவில் கொடிகட்டிய பாட்டுகளைப் போட்டார்கள். தங்கள் காலத்துப் பாட்டோடு, 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளும் அவர்களுக்கு நெருக்கமாக இருந்தன. அது அவர்களுடைய பெற்றோரின் இளமைக்காலம். 1960களின் பாட்டுகளிடமும் சின்னதாக ஓர் ஈர்ப்பு தெரிந்தது. தாங்கள் பிறக்காத காலத்துப் பாட்டு எப்படி ஒட்டியது? வீட்டில் அம்மா அப்பா போட்டதை, கேட்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் வருடக்கணக்காகக் கேட்டதால்தான் என்பது பொருத்தமான விளக்கம். 2000க்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகள் இளையராஜா பாட்டைச் சரணம் தவறாமல் பாடுவதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

காதுக்கும் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பிற்பாடு வருவது. வயது ஏற ஏற, உச்சமான அதிர்வெண்கள் முதலில் கேட்காமல் போகும். அடர்த்தியான பின்னணி இசைக்குள்ளிருந்து குரலைப் பிரித்தெடுப்பதும் கடினமாகும். "வார்த்தையே புரியல" என்று அறுபது வயதுக்காரர் சொல்வதில் இந்த உண்மை இருக்கிறது. 33 வயதில் நின்றுபோவதை இது விளக்காது.

தரம் இறங்கிவிட்டது என்ற வாதத்தில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. இளையராஜா 1976இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு இசையமைத்தவர். அவற்றில் இன்று பஸ்ஸிலும் கடையிலும் ஒலிப்பவை எவ்வளவு? நிலைத்தது மட்டும் காதில் விழுகிறது, மறைந்தது விழுவதில்லை. இந்த வருடப் பாட்டுகளோ சலிக்கப்படாமல் மொத்தமாக வந்து நிற்கின்றன.

வயது வந்த பிறகு புதிதாகப் பழக முடியுமா? முடியும், ஆனால் குழந்தை வேகத்தில் இல்லை. எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் 2005இல் பால்கன் நாடுகளின் ஒழுங்கற்ற தாளங்களை வைத்துச் சோதித்தார்கள். வட அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகள் வீட்டில் இரண்டு வாரம் கேட்டதிலேயே அந்தத் தாளத்தில் வரும் பிசகைக் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு அந்தக் கால அளவு போதவில்லை.

பெரியவர்களுக்குக் கூடுதல் தடவைகள் வேண்டும், கிடைப்பதோ குறைவு. பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் வீடு இதற்கு விதிவிலக்கு. பிள்ளை அறையில் ஓயாமல் ஓடும் பாட்டை ஆறு மாதம் கழித்து அப்பாவே முணுமுணுப்பார். ரீல்ஸும் அப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் போடச் சொல்லாமலே அதே பாட்டை ஒரு நாளில் பத்துத் தடவை காதில் போடுகிறது, ஆனால் பெரும்பாலும் ஒரு சிறு துண்டுக்கு மேல் போடுவதில்லை. அதனால் ஐம்பது வயதுக்காரருக்குப் புதுப் பாட்டின் இரண்டு வரி அத்துபடியாகிவிடுகிறது. அதற்கு அடுத்த வரி என்ன என்று கேட்டால் தெரியாது.