18 முடிந்து ஹோமை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு: யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கேட்பது?

வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் ஓனர் முதலில் விசாரிப்பது "அப்பா என்ன பண்றார், சொந்த ஊர் எது?" என்றுதான். ஹோமில் வளர்ந்த பல பிள்ளைகளுக்கு இந்த இரண்டுக்கும் சொல்லப் பதில் இருக்காது. அட்வான்ஸுக்குப் பணமும் இருக்காது. ஆனால் 18 வயது நிறைந்தால் குழந்தைகள் இல்லத்திலிருந்து கிளம்பியாக வேண்டும். அன்று ராத்திரி எங்கே படுப்பது என்று முன்கூட்டியே யாரும் யோசித்து வைக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை நண்பன் அறை, வேலை செய்யும் கடையின் மாடி, கடைசியில் பஸ் ஸ்டாண்டு என்று ஒவ்வொரு படியாக இறங்கிவிடுகிறது. அது நடக்கக் கூடாது என்பதற்காக, வெளியே வந்த பிறகும் பணம், தங்குமிடம், படிப்பு என்று கைகொடுக்கச் சட்டத்தில் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்குப் பெயர் பிற்காப்பு.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிற்காப்புக்கு வயது வரம்பு சொல்கிறது: 18 நிறைந்து, 21 நிறையாதவர்கள், இல்லப் பராமரிப்பிலிருந்து வெளியே வந்தவர்கள். அந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு வகுத்த 2016 மாதிரி விதிகளின்படி, விதிவிலக்கான சூழ்நிலையில் இதை இன்னும் 2 ஆண்டு, அதாவது 23 வரை நீட்டிக்கலாம். பெற்றோரை இழந்தவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெற்றோர் இருந்தும் வீட்டுக்குத் திரும்ப முடியாத பிள்ளைகளும், வழக்கில் சிக்கிச் சிறப்பு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவர்களும் இதில் அடக்கம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சட்டத்தின் 46ஆம் பிரிவு, வெளியேறும் பிள்ளைக்கு நிதியுதவி 'வழங்கப்படலாம்' என்கிறதே தவிர 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. ஆனால் மாதிரி விதிகளில் 25ஆம் விதி, படிப்பு, தொழில்திறன், வேலை, தங்குமிடம் ஆகியவற்றுக்கான திட்டத்தை மாநில அரசு வகுத்தாக வேண்டும் என்கிறது. திட்டம் வைத்திருப்பது அரசின் கடமை. குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்கு அது கிடைப்பது ஓர் ஆணையைப் பொறுத்தது. அதனால்தான் கேட்டவருக்குக் கிடைக்கிறது, கேட்கத் தெரியாதவர் வெறுங்கையோடு வெளியே போகிறார். 'வழங்கப்படலாம்' என்ற அந்த ஒரு சொல்லை மாற்றினாலே எத்தனையோ பிள்ளைகள் தெருவுக்கு வராமல் இருப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆணை பிறப்பிப்பது, ஆதரவு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி மாவட்டத்தில் முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு. வழக்கு தொடர்பான பிள்ளையானால் இளைஞர் நீதிக் குழுமம் அல்லது குழந்தைகள் நீதிமன்றம். நன்னடத்தை அலுவலரோ, குழந்தை நல அலுவலரோ, சமூகப் பணியாளரோ விடுவிப்புக்குப் பிந்தைய திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். பிள்ளை இல்லத்தை விட்டுக் கிளம்ப 2 மாதம் இருக்கும்போதே அதைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. என்னைக் கேட்டால் 2 மாதம் போதவே போதாது. 17 நிறைந்ததுமே, இல்லத்தில் வைத்திருக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தை எடுத்து, கண்காணிப்பாளரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும். எந்தப் படிப்பு, எந்த ஊர், யாரோடு தங்குவது என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வர வேண்டும்.

மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் பிற்காப்புக்கு மாதம் ரூ.4,000. நேரடியாக வங்கிக் கணக்கில் வரவு வைப்பார்கள். மைனராக இருந்தபோது தொடங்கிய கணக்கை 18 ஆனதும் மாற்றிப் பதிய வேண்டியிருக்கும். மறந்துவிட்டால் பணம் இழுபறியாகும். பெருநகரத்தில் இந்த 4,000 அறை வாடகைக்கே சரியாகிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே பணத்தைவிட முக்கியமானது விதியில் உள்ள இன்னொரு வசதி: 6 முதல் 8 பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்கும் குழுக் குடியிருப்பு. வாடகை, சமையல், கரண்டு பில் எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளப் பழகும் இடம் அது. ராத்திரி காய்ச்சல் வந்தால் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும். தொடர்பில் இருக்க ஓர் ஆலோசகர், தொழிற்பயிற்சிக் கால உதவித்தொகை, உயர்கல்விக்கு உதவி, சொந்தத் தொழிலுக்குக் கடன் ஏற்பாடு ஆகியவையும் அதே விதியில் உண்டு. மனுவில் பணத்தை மட்டும் கேட்காமல் இவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

காகிதங்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆதார், பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இல்லத்தில் சேர்த்தபோது நலக் குழு போட்ட ஆணை எல்லாம் பிள்ளையின் கைக்கு வந்த பிறகே வெளியேற்றம் நடக்க வேண்டும். சாதிச் சான்று இல்லாமல் தவிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: 10 வயதுக்குள் பெற்றோரை இழந்து, வேறு ஆதரவின்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கைக்கு இது பெரிய துணை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என மாதம் ரூ.1,000 தனியாக உண்டு. வேலை கிடைத்த பெண்கள் அரசின் தோழி விடுதிகளில் இடம் கேட்கலாம்.

இவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அலுவலகத்தில் கிடக்கின்றன. 18 வயதுப் பிள்ளையைத் தனியாக அலையவிட்டால் பாதியில் சோர்ந்துவிடும். எல்லாவற்றையும் கோத்துத் தர வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. பிற்காப்புத் தரத் தயாராக உள்ள அமைப்புகள், தனிநபர்களின் பட்டியலையும் அந்த அலகுதான் வைத்திருக்க வேண்டும். உங்களிடம் காலியாக ஒரு வீடோ, வேலை கற்றுத்தரப் பட்டறையோ இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் கொடுங்கள். ஆசிரியர்களும் முதலாளிகளும் கைகொடுக்காமல் அலுவலர்களால் மட்டும் இது ஆகாது.

அலகில் அசைவில்லை என்றால் ஆட்சியரிடம் போகலாம். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அலகை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்குத் தெளிவாகவே உண்டு. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

"நான் ஹோமை விட்டு வந்து ஒரு வருஷம் ஆச்சே, அப்போ யாரும் சொல்லலையே" என்பவர்களும் 21 நிறையவில்லை என்றால் கேட்கலாம். எந்த இல்லம், எந்த ஆண்டு சேர்ந்தது, எப்போது வெளியே வந்தது, இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்ற நான்கையும் ஒரே தாளில் எழுதி, பழைய ஆணையின் நகலோடு நலக் குழுவிடம் கொடுங்கள். நகல் தொலைந்திருந்தால் இல்லத்தின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி அதே மனுவில் ஒரு வரி சேர்த்தால் போதும்.