ஒப்பலசென்ட் ஆற்றில் கை வைக்கும் முன்

போன செப்டம்பர் கடைசியில் நான் கூட்டிப்போன குழுவில் ஒருவர், மேல்கோட்டின் ஜிப்பைப் போட முடியாமல் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். நியூஜெர்சியில் ஐ.டி. வேலை. ஜிப்பின் முனையைப் பிடிப்பார், விரலிலிருந்து நழுவும், சிரித்துவிட்டு மறுபடி பிடிப்பார். நான்காவது தடவை சிரிப்பு வரவில்லை. "ஜிப் மாட்டிக்கிச்சு போல சார்" என்றார்.

ஜிப் நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னேன். பாதி தூரம் போய் விரல் நின்றுவிட்டது.

நான் நிலவியல்காரன். வார நாட்களில் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளோடு பொழுது போகும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, கல்லில் ஆசை உள்ளவர்களை நியூயார்க் மாநிலத்தின் வடக்கே, அடிரோண்டாக் மலைகளுக்குக் கூட்டிப்போவேன். அங்கே எல்லோரும் பார்க்க விரும்புவது லாப்ரடோரைட். ஃபெல்ட்ஸ்பார் குடும்பத்துக் கல். சாதாரணமாகப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் அழுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். சரியான கோணத்தில் திருப்பினால் மயில் கழுத்து நீலம் ஒரு கணம் எரிந்து அணையும்.

அந்த மலைகளின் நடுப்பகுதி அனார்த்தோசைட் என்ற பாறை. ஏறத்தாழ முழுக்க ஃபெல்ட்ஸ்பார்தான், வயது 100 கோடி ஆண்டுக்கு மேல். நிலாவின் வெளிர்ந்த மேட்டுப் பகுதிகளும் இதே வகைப் பாறை. 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் எடுத்துவந்த புகழ்பெற்ற 'ஜெனிசிஸ் கல்' ஓர் அனார்த்தோசைட். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான மார்சி (5,344 அடி) இந்தப் பாறைதான். அதன் சரிவில், மேகக் கண்ணீர் ஏரி என்று பொருள்படும் லேக் டியர் ஆஃப் தி கிளவுட்ஸ் என்ற சின்னக் குளம் இருக்கிறது. ஹட்சன் நதியின் மிக உயரமான ஊற்றுக்கண் அதுதான். குளத்திலிருந்து இறங்கும் ஓடைக்குப் பெயரே ஃபெல்ட்ஸ்பார் புரூக். அது போய்ச் சேருவது ஒப்பலசென்ட் ஆற்றில். படுகைக் கற்களில் தெரியும் ஒளியைப் பார்த்து வைத்த பெயர். ஆற்றின் பெயரே விளம்பரப் பலகை மாதிரி இருக்கும்போது மக்கள் கையை விடாமல் இருப்பார்களா?

சிக்கலும் அங்கேதான். இந்தக் கல்லின் ஒளி எப்படி வருகிறது என்று தெரிந்தால், ஜிப் ஏன் போட முடியவில்லை என்பதும் புரியும்.

லாப்ரடோரைட்டின் நீலம் சாயம் அல்ல. கல் மெதுவாக ஆறியபோது, உள்ளே சேர்மானம் சற்றே வேறுபட்ட இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் பிரிந்து, தாள் தாளாக அடுக்கிக்கொண்டது. ஒவ்வொரு தாளும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது நீலமோ பச்சையோ மேலோங்கும். சோப்புக் குமிழியில் நிறம் தெரிகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதை. அடுக்குகள் ஒரே திசையில் இருப்பதால் ஒளியும் ஒரே திசையில்தான் வரும். பத்து டிகிரி தள்ளினால் வெறும் சாம்பல் கல்.

ஆகவே ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். உலர்ந்த கல்லின் மேல் சொரசொரப்பில் ஒளி சிதறிவிடும். நனைந்திருந்தால் பாலிஷ் போட்ட மாதிரி தெளிவாகத் தெரியும். அதனால் தண்ணீரில் முக்கி, தூக்கி, சாய்த்து, திரும்ப முக்கி என்று போய்க்கொண்டே இருக்கும். மேகம் வந்தால் வெயிலுக்குக் காத்திருப்பது வேறு. குனிந்தவர் நிமிர அரை மணி ஆகிறது, அவருக்கோ ஐந்து நிமிஷம் போன மாதிரி இருக்கிறது. வேறு எந்தக் கல்லைத் தேடினாலும் இவ்வளவு நேரம் கை தண்ணீரில் கிடக்காது.

அன்றைக்குத் தண்ணீரில் என் வெப்பமானி காட்டியது 9 டிகிரி. காற்று 16 டிகிரி, நல்ல வெயில், எல்லோரும் டி-ஷர்ட்டில் இருந்தார்கள். ஏமாறுவதற்கு இதைவிடத் தோதான நாள் கிடையாது. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். விரல்களின் சூடு 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுணுக்கமான வேலை ஓடாது: பொத்தான், ஜிப், ஷூ லேஸ், போனின் தொடுதிரை, கார் சாவி. முதலில் வலிக்கும். அந்த வலி இருக்கும்வரை பரவாயில்லை, ஆள் தானாகவே கையை எடுத்துவிடுவார். அப்புறம் மரத்துப்போகும். "பழகிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் நான் உடனே கரையேறச் சொல்லிவிடுவேன். குளிர் பழகியிருக்காது, உணர்ச்சிதான் போயிருக்கும்.

கை மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை. ஆனால் அந்தக் கையோடுதான் வழுக்குப் பாறைகளைப் பிடித்து ஏற வேண்டும். அனார்த்தோசைட் காய்ந்திருந்தால் உப்புத்தாள் மாதிரி காலைப் பிடித்துக்கொள்ளும். பாசி படிந்த இடத்தில் வாழைப்பழத் தோல்தான். முழுசாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிர் நீரை ஆராய்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு, 1-10-1. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிஷம், கைகால் சொன்னபடி கேட்பது பத்து நிமிஷம்தான், நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். பலரும் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத் தைரியமாக இருக்கிறார்கள். பத்து நிமிஷத்துக்குள் கரையேறாவிட்டால் கை உதவாது என்பதைக் கவனிப்பதில்லை.

அந்த இடத்துக்குப் போகும் வழியையும் சொல்ல வேண்டும். அப்பர் வொர்க்ஸ் என்ற பழைய இரும்பாலைக் குடியிருப்பிலிருந்து ஆற்றுப் பக்கம் போக ஏறக்குறைய 5 மைல் நடை. வழியின் கடைசிப் பகுதியில் ஒரு நினைவுக்கல் நிற்கும். இரும்பாலையை நடத்திய டேவிட் ஹென்டர்சன் 1845இல் ஆலைக்குத் தண்ணீர் தேடி வந்த இடத்தில், தன்னோடிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து இறந்துபோனார். பக்கத்தில் ஓடும் ஓடைக்கு இன்றும் கலாமிட்டி (பெருந்துயர்) புரூக் என்றுதான் பெயர். இன்றைக்கும் அங்கே உதவி வர நேரமாகும். போன் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது, வன ரேஞ்சர்கள் அநேகமாக நடந்துதான் வர வேண்டும். கையில் உள்ள உலர்ந்த துணியும் சூடான குடிநீரும்தான் அங்கே மருத்துவமனை.

அவருக்கு நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். மனைவி அவருடைய ஈர டி-ஷர்ட்டைக் கழற்றினார். பருத்தித் துணி, பிழிந்தால் சொட்டியது. என் பையில் எப்போதும் இருக்கும் கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, கைகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். பெரியவர் ஒருவர் பாசத்தில் கையைத் தேய்த்துவிட வந்தார், தடுத்தேன். மரத்த தோலைத் தேய்த்தால் காயம்தான் ஆகும். நெருப்பில் காட்டுவதும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவதும் அப்படியே, சுடுவது தெரியாமல் வெந்துவிடும். பிளாஸ்கிலிருந்து சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ கொடுத்தோம். நல்ல நினைவோடு விழுங்க முடிகிறவருக்குத்தான் கொடுக்க வேண்டும். உளறல், கால் இடறல், காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் குளிர் விரலைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்று பொருள். அப்போது டீயோடு நிறுத்தக் கூடாது, ஆளைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு உதவிக்கு ஆளனுப்ப வேண்டும்.

தப்பு என்னுடையதும்தான். கிளம்பும்போது கல் எடுப்பது பற்றிய சட்டத்தைப் பத்து நிமிஷம் பேசியவன், தண்ணீரைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். நியோப்ரீன் (ஈரத்திலும் சூடு காக்கும் ரப்பர்) கையுறை இல்லாதவர் தண்ணீரைத் தொடக் கூடாது, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கட்டைவிரல்-சுண்டுவிரல் சோதனை, மாற்று உடை கண்டிப்பாக நீர்புகாத பையில். ஓடை கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்திவிடச் சொல்கிறேன். விழுந்தால் பையைக் கழற்றி எறிய வசதி. ஏப்ரல், மே மாதங்களில் யார் கேட்டாலும் கூட்டிப்போவதில்லை. பனி உருகி வரும் தண்ணீர் அது. பாதையும் சேறாகிக் கிடக்கும்.

சட்டம் இதுதான். அடிரோண்டாக் பூங்கா ஏறக்குறைய 60 லட்சம் ஏக்கர். பாதிக்குச் சற்றுக் குறைவாக மாநில அரசு நிலம், மற்றது தனியார் நிலம். அரசு நிலம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இலேயே மாநில அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். அங்கே அனுமதிச் சீட்டில்லாமல் பாறை, கனிமம் எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒப்பலசென்ட்டின் மேல்பகுதியும் ஃபெல்ட்ஸ்பார் புரூக்கும் அந்த நிலத்தில்தான் ஓடுகின்றன. பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம், அங்கேயே வைத்துவிட வேண்டும். கல்லை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் ஆசை என்றால், தனியார் நிலத்துக்காரரிடம் முன்னாடியே கேட்டு, முடிந்தால் எழுதி வாங்கிக்கொண்டு அங்கே தேடலாம்.

"கொண்டுபோனா என்ன விலை போகும் சார்?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. ஒன்றும் போகாது. இங்கே ஒளி காட்டும் துண்டுகள் பெரும்பாலும் நகம் அளவுதான், அதிலும் பிளவு ஓடியிருக்கும். ஃபெல்ட்ஸ்பார் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு தளங்களில் எளிதாகப் பிளக்கும். சுத்தியல் பட்டால் நீலத்தோடு சேர்ந்து கல்லும் போய்விடும். கடையில் 'ரெயின்போ மூன்ஸ்டோன்' என்று விற்பதும் பெரும்பாலும் வெள்ளை லாப்ரடோரைட்தான், நம் ஊரில் முத்துக்குப் பதில் மோதிரத்தில் வைக்கும் சந்திரகாந்தக் கல் அதன் ஒன்றுவிட்ட சகோதரன். 'ஓப்பலைட்' என்று விற்பது வெறும் கண்ணாடி. அதை வாங்க ஆற்றில் இறங்க வேண்டாம், காசை மட்டும் விட்டால் போதும்.

தண்ணீரில் கையே வைக்காமல் பார்க்கவும் வழி இருக்கிறது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையில் நின்று, ஆழமில்லாத இடத்தில் கல்லை விட்டுவிட்டுத் தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் கரைப் பாறைகளை நனைத்தும் பார்க்கலாம். பாறை முகத்தில் மெல்லிய இணைகோடுகள் ஓடினால் அது இந்த வகை ஃபெல்ட்ஸ்பார். அதன் பக்கத்தில்தான் நீலம் இருக்க வாய்ப்பு. இப்படிப் பார்த்தவர்கள் முக்கி எடுத்தவர்களைவிடக் குறைவாகக் கண்டுபிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அன்றைக்கு இருட்டும் நேரத்தில் வண்டிக்கு வந்து சேர்ந்தோம். அவர் ஹீட்டருக்கு முன்னால் கைகளை நீட்டி உட்கார்ந்திருந்தார். விரல்கள் சிவந்திருந்தன, குத்தல் எடுப்பதாகச் சொன்னார், எனக்கு அது கேட்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "நல்ல நீலம் ஒண்ணு கிடைச்சுது சார், கட்டைவிரல் தண்டி இருக்கும்" என்றார். எங்கே வைத்தீர்கள் என்றேன்.

மனைவியைப் பார்த்தார். அப்புறம் கையைப் பார்த்தார்.

"எங்க போட்டேன்னே தெரியல."