கொலஸ்ட்ரோல் வேறு, கொழுப்பு வேறு

கொலஸ்ட்ரோலைக் கொழுப்பு என்று மொழிபெயர்க்கிறதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். கிளினிக் சுவரில் ஒட்டின தாளிலும் கொழுப்பு, ரிப்போர்ட்டைப் பார்த்து விளக்குகிறவர் வாயிலும் கொழுப்பு. மலையேறிக் கொழுந்து பறித்து எலும்பும் தோலுமாய் நிற்கிற, பிரஷருக்கு மாத்திரை போடுகிற ஒரு அக்காவிடம் "உங்களுக்குக் கொழுப்பு கூட" என்றால் "என் உடம்புல எங்கங்க கொழுப்பு இருக்கு?" என்று சிரித்துவிட்டு லயத்துக்குப் போய்விடுவார். அது போக, ஒருவரைப் பார்த்துக் கொழுப்பு என்று சொல்வது நம் பேச்சில் திட்டு.

சொல்லின் கதை சின்னது. கிரேக்கத்தில் கோலே பித்தம், ஸ்டெரியோஸ் திண்மம். பித்தப்பைக் கல்லில் கிடைத்த பொருள் என்பதால் 1815 வாக்கில் பிரான்சின் செவ்ரல் கொலஸ்டரின் என்று பெயர் வைத்தார், பிறகு அது அற்ககோல் வகை என்று தெரிந்ததும் வால் 'ஓல்' ஆகிவிட்டது. மெழுகு மாதிரியான பொருள். கலமென்சவ்வுக்கும் சில ஓமோன்களுக்கும் அது வேண்டும், பெரும்பங்கை ஈரலே செய்துகொள்கிறது. அதனால்தான் மெலிந்தவருக்கும் கூடலாம். கொழுப்பை உடம்பு எரித்துச் சக்தி எடுக்கும், கொலஸ்ட்ரோலை அப்படி எரிக்க முடியாது.

இந்த வித்தியாசத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தேங்காய் எண்ணெயே போதும். அதில் கொலஸ்ட்ரோல் இல்லை, உண்மை. அதைத் தமிழில் 'கொழுப்பு இல்லை' என்று எழுதினால்? முழுக்க முழுக்கக் கொழுப்பான ஒன்றைக் கொழுப்பில்லாதது ஆக்கிவிட்டோம்! அதிலுள்ள நிரம்பிய கொழுப்புத்தான் இரத்தத்தில் எல்டிஎல்லை, அதாவது 'கெட்ட கொலஸ்ட்ரோல்' என்கிறதை, கூட்டுகிறது என்பதை அப்புறம் எந்தச் சொல்லை வைத்து விளக்குவது? ரிப்போர்ட்டில் வேறு டிரைகிளிசரைட் என்று தனியாக ஒரு வரி இருக்கும், நிஜக் கொழுப்பு அதுதான். எச்டிஎல்லை 'நல்ல கொழுப்பு' என்று சொன்னால் கேட்டவர் நெய்யைத்தான் நினைப்பார். எச்டிஎல், எல்டிஎல் இரண்டுமே கொலஸ்ட்ரோலைச் சுமக்கிற துணிக்கைகள், சுமக்கப்படுகிற சரக்கு ஒன்றுதான்.

'இரத்தக் கொழுப்பு' கொஞ்சம் தேவலை, ஆனால் டிரைகிளிசரைடும் அதற்குள் வந்துவிடும். தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் வேரைப் பிடித்துப் 'பித்தத்திண்மம்' என்று ஆக்கலாம்தான், வாந்தி வந்தாலும் பித்தம், தலை சுற்றினாலும் பித்தம் என்கிற ஊரில் அது எடுபடுமா? என் கட்சி, கொலஸ்ட்ரோல் கொலஸ்ட்ரோலாகவே இருக்கட்டும். இன்சுலினை அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

பிரஷர்காரருக்கு இது வெறும் சொல் சண்டை இல்லை. அழுத்தம் கூடி இரத்த நாடியின் உட்சுவர் பழுதானால் எல்டிஎல் அதற்குள் நுழைந்து படிவது சுலபம். இரண்டும் சேர்ந்தால் மாரடைப்பு அபாயம் ஏறும், வயது, சிகரெட், சீனி வியாதி எல்லாம் அதற்கு மேலே. உலக சுகாதார நிறுவனத்தின் அபாய அட்டவணையில் இவற்றைச் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான், கொலஸ்ட்ரோல் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதில்லை. அந்த அபாயத்தைக்கூட 'மாரடைப்பு வாய்ப்பு' என்று எழுதுகிறார்கள், ஏதோ வேலைவாய்ப்பு மாதிரி. பிரஷருக்குத் தாளில் 'உயர் குருதியமுக்கம்'. பிழையில்லை, நல்ல சொல்தான், ஆனால் பக்கத்தில் பிரஷர் என்று போட்டால் என்ன குறைந்துவிடும்?